பன்னிரண்டே முக்கால் மணிச் சோறு

உறையூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சத்துணவுத் தட்டோடு சிலர், வீட்டு டப்பாவோடு சிலர். நானும் என் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில்தான் உட்காருவேன். யார் வீட்டில் என்றைக்கு என்ன சமையல் என்பது எனக்கு அத்துப்படி. எது வழித்து நக்கப்படுகிறது, எது பாதியோடு மூடப்பட்டுப் பைக்குள் போகிறது என்பதும் அத்துப்படி.

பார்த்துப் பார்த்து எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இதுதான். டப்பா கட்டுகிறவர் காலை ஏழரை மணிக்கு ருசி பார்க்கிறார். சாப்பிடுகிறவர் ஐந்து மணி நேரம் கழித்துத் திறக்கிறார். இடைப்பட்ட நேரத்தில், திருச்சி வெயிலில், மூடிய எவர்சில்வர் டப்பாவுக்குள் என்னென்னவோ நடந்துவிடுகிறது. சோறு விறைக்கிறது. பொரியல் தண்ணீர் விடுகிறது. தேங்காய் ஊசிப்போகிறது. தோசை தோலாகிறது. காலையில் அமிர்தமாக இருந்தது மதியம் வாயில் வைக்க முடியாததாகிறது. பிள்ளை சாப்பிடவில்லை என்று சாயங்காலம் வீட்டில் சண்டை. பிள்ளை வேண்டாம் என்று ஒதுக்குவதைப் பெரியவர்கள் வேறு வழியில்லாமல் விழுங்குகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே மதியம் எப்படி இருக்கும் என்று யோசித்துச் சமைத்தால், பிள்ளைக்கு ஒன்று பெரியவர்களுக்கு ஒன்று என்று காலையில் இரண்டு அடுப்பிலும் அல்லாட வேண்டியதில்லை. ஒரே சமையல் எல்லாருக்கும் போதும்.

எங்கள் வீட்டில் ஐந்து டப்பா. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், ஒன்பதாம் வகுப்பு மகன், திருவெறும்பூர்ப் பக்கம் பட்டறை வேலைக்குப் போகும் கணவர், நான், அப்புறம் அத்தை, அதாவது என் மாமியார். வீட்டில் தனியாக இருக்கும் அவருக்கும் டப்பாவிலேயே போட்டு வைத்துவிடுவேன். "டப்பாவுல ஊறுன சோத்துக்கு ருசியே வேறம்மா" என்பது அவர் கட்சி. புளியோதரையைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்து பாருங்கள். காவிரிக்குப் பூசை முடித்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தூக்கைத் திறப்பார்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். பல் போன பாட்டிக்கும் அதே சோறு, பால்பல் முளைத்த பேரனுக்கும் அதே சோறு. குழம்பு கிடையாது, ரசம் கிடையாது, தனித்தனிக் கிண்ணம் கிடையாது. வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் போகிற சோறு புளிப்பாகவோ எண்ணெய்ப் பசையோடோ இருக்க வேண்டும், ஈரம் குறைவாக இருக்க வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். டப்பாவுக்கு என்ன கட்டலாம் என்று தேடுகிறவர்கள் முதலில் அந்தத் தூக்கைத்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கிருமிகள் பெருகுவதைத் தடுக்கிறது. நல்லெண்ணெயில் இயற்கையாகவே உள்ள செசமால் போன்ற பொருள்கள் அதைச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க விடுவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆற ஆற மறுபடியும் இறுகும். அதனால்தான் வெறும் சோறு மதியம் விறைத்துப்போகிறது. சூடாக இருக்கும்போதே எண்ணெய் பிசறிவிட்டால் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், மேல்புறம் காயாமல் இருக்கும். புளிக்காய்ச்சலும் நேரம் ஆக ஆகப் பருக்கைக்குள் இறங்குகிறது. அத்தை சொல்லும் டப்பா ருசி இந்த ஊறல்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் புளிக்காய்ச்சல் காய்ச்சி வைப்பேன். 100 கிராம் பழைய புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். இருப்புச்சட்டியில் 100 மில்லி நல்லெண்ணெய். கஞ்சத்தனம் பார்த்தால் காய்ச்சல் நிற்காது. கடுகு, கடலைப்பருப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் போட்டுப் புளிக்கரைசலை ஊற்றிச் சின்னத் தீயில் விட்டுவிட வேண்டும். அரை மணி நேரத்தில் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். மல்லி இரண்டு ஸ்பூன், எள் ஒரு ஸ்பூன், வெந்தயம் அரை ஸ்பூன், மிளகாய் இரண்டே இரண்டு வறுத்துப் பொடித்ததை அப்போது தூவி, சின்னக் கட்டி வெல்லம் போட்டு இறக்கினால், ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரம் தாராளமாக எடுக்கலாம். ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது.

மிளகாய் இரண்டு போதுமா என்று கேட்பீர்கள். மகளுக்கு அதுதான் அளவு. கணவருக்கும் மகனுக்கும் காரம் வேண்டுமே, அதற்கு மோர்மிளகாய் இருக்கிறது. வறுத்த மோர்மிளகாய் இரண்டை டப்பாவின் மேல்தட்டில் வைத்துவிட்டால் அவரவர் நாக்குக்குத் தகுந்தபடி கடித்துக்கொள்வார்கள். என் ஒரே சமையல் கணக்கு முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது: சோற்றில் காரத்தைக் கலக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். கலந்த காரத்தைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. எலுமிச்சை சாதத்துக்கும் இதே வழிதான்; அதில் பச்சை மிளகாயை நறுக்காமல் நடுவில் கீறி முழுசாகத் தாளித்துவிட்டால் பிள்ளையின் டப்பாவுக்குப் போகும்போது எடுத்துவிடலாம். பழச்சாற்றை அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும், கொதித்தால் கசக்கும்.

வராந்தாவில் உட்கார்ந்தால் இன்னொன்று கண்ணில் படும். பிள்ளைகள் கறிவேப்பிலையையும் கடலைப்பருப்பையும் பொறுக்கி டப்பா மூடியில் அடுக்குவார்கள். பாதிச் சாப்பாட்டு நேரம் அதிலேயே போய்விடும். கை கழுவ வரிசையில் நின்று, இடம் பிடித்து, பக்கத்துப் பிள்ளையோடு பேசி, உண்மையில் அவர்கள் சாப்பிடுவது பத்துப் பதினைந்து நிமிஷம். அந்த நேரத்தில் பொறுக்க வேண்டியது, கடித்துத் துப்ப வேண்டியது எதுவும் டப்பாவில் இருக்கக் கூடாது. முருங்கைக்காய்த் துண்டும் முள் உள்ள மீனும் வீட்டுத் தட்டுக்குத்தான் சரி. கறிவேப்பிலை சேரவேண்டுமானால் பொடியாக்கிவிடுங்கள். உளுத்தம்பருப்பு, மிளகு, துளிப் புளியோடு நன்றாக வறுபட்ட கறிவேப்பிலையை அரைத்துச் சோற்றில் பிசைந்தால் இரண்டாம் வகுப்பும் பொறுக்காது, பெரியவர்களும் விரும்புவார்கள். பிள்ளைக்கு நெய், நமக்கு நல்லெண்ணெய்.

தயிர் சாதத்தைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். காலையிலேயே தயிரை ஊற்றிப் பிசைந்து அனுப்பினால் மதியம் புளித்துக் கடுக்கும். பிள்ளை முதல் வாயிலேயே முகம் சுளிக்கும். தயிரை டப்பாவுக்குள்ளேயே உறையவிட வேண்டும். சோற்றை நன்றாகக் குழைய வேகவிட்டு, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பாலை ஊற்றித் தளரப் பிசையுங்கள். ஒரு கிண்ணம் சோற்றுக்கு ஒரு கிண்ணம் பால் வேண்டும், இன்னும் கொஞ்சம் கூடினாலும் தப்பில்லை, மதியத்துக்குள் இறுகிவிடும். பிறகு காத்திருக்க வேண்டும். விரல் வைத்தால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூன் புளிக்காத தயிர், உப்பு சேர்த்துக் கலக்கி மூடுங்கள். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவுக்கு 40 டிகிரி செல்சியஸ் பக்கமாக இருந்தால் கொண்டாட்டம். கொதிக்கிற சூட்டில் செத்துப்போகும். அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறேன். நம்மூர்ச் சித்திரையில் அரை ஸ்பூன் தயிரே போதும், மார்கழியில் இரண்டு ஸ்பூன் வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்குத் திறந்தால் அப்போதுதான் உறைந்த தயிரின் இனிப்போடு இருக்கும்.

அதில் என்ன போடுவது என்பதிலும் நேரக் கணக்கு உண்டு. பச்சை வெங்காயம் மதியத்துக்குள் வாடை அடிக்கும். வெள்ளரி உப்புப் பட்டால் தண்ணீர் விடும். துருவிய கேரட் தாங்கும், மாதுளை முத்து தாங்கும், கறுப்பு திராட்சையும் தாங்கும். என் மகளுடைய டப்பாவில் மாதுளை சிவப்பாகத் தெரிந்தால்தான் மூடியை முழுசாகத் திறப்பாள். பெரியவர்களுக்கு இஞ்சி, பச்சை மிளகாய், கடுகு தாளித்து மேலே கொட்டி, மாவடுவோ நார்த்தங்காயோ ஒரு துண்டு வைத்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

கெட்டுப்போகிற விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அரைத்த தேங்காய்ச் சட்னியை எக்காரணம் கொண்டும் டப்பாவில் வைக்காதீர்கள். பதினோரு மணிக்கே ஊசிப்போக ஆரம்பிக்கும். பொரியலுக்குத் தேங்காய் தூவுவதாக இருந்தால் அடுப்பிலேயே ஒரு நிமிஷம் நன்றாகப் புரட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் அதுவும் வேண்டாம், பொட்டுக்கடலைப் பொடியைத் தூவலாம். தேங்காய் சாதமும் அப்படித்தான், தேங்காய் பொன்னிறமாக வறுபட்டால் மட்டுமே வெளியே போகலாம். இட்லிக்குத் தக்காளித் தொக்கோ எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியோ சரியான ஜோடி.

ராத்திரி வெளியிலேயே கிடந்த சோற்றைக் காலையில் தாளித்து எலுமிச்சை சாதமாக்கி அனுப்புகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கூடாது. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகி அவை வெளியிடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மதியம் இரண்டு மணிக்கு வகுப்பில் திடீரென்று வாந்தி எடுக்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதன் அம்மா வருகிற வரை காத்திருக்கிற ஆசிரியைக்குத் தெரியும், இது சின்ன விஷயமில்லை. மிஞ்சிய சோற்றைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால் ராத்திரியே ஆறவைத்து உடனே ஃப்ரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூட டப்பாவுக்கு மட்டும் காலையில் புதிதாக ஒரு குக்கர் வையுங்கள்.

சாம்பார் சாதம், பருப்பு சாதம், கிச்சடி போன்றவை இன்னும் சூட்சுமமானவை. ஈரமும் பருப்பும் சேர்ந்தால் சீக்கிரம் நூல் விடும். உணவு 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாக இருக்கும் நேரம்தான் கிருமிக்குத் திருவிழா. ஆகையால் ஹாட்பாக்ஸ் இருந்தால் மட்டுமே அனுப்புகிறேன். வெறும் ஹாட்பாக்ஸில் சோற்றைக் கொட்டினால் பாத்திரமே சூட்டைக் குடித்துவிடும். முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் மூடிவைத்துக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து நேராக ஆவி பறக்கப் போட்டு மூட வேண்டும். சாதாரண எவர்சில்வர் டப்பாவுக்கு நேர் எதிர் விதி: ஆவி அடங்கிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டி எல்லாம் சொதசொதத்துவிடும்.

சோறு வேண்டாம் என்கிற நாள்களுக்கு இட்லி மாவு இருக்கவே இருக்கிறது. மாவை இட்லியாக ஊற்றி, ஆறிய இட்லியின் இருபுறமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அடுக்கினால் ரயில் பயணம் முழுக்கத் தாங்கும் பண்டம், ஐந்து மணி நேரமா தாங்காது? பிள்ளைகளுக்குப் பொட்டுக்கடலையும் எள்ளும் கூட்டி மிளகாய் குறைத்த பொடி தனியாக வைத்திருக்கிறேன். ஆனால் என் முதல் ஓட்டு குழிப்பணியாரத்துக்குத்தான். மாவை இரண்டாகப் பிரித்து ஒன்றில் வெல்லக் கரைசலும் ஏலக்காயும், இன்னொன்றில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு தாளித்துப் போட்டால் அரை மணியில் இரண்டு ருசி. எண்ணெய் ஊற்றிச் சுடுவதால் ஓரம் காய்ந்தாலும் உள்ளே மெத்தென்றே இருக்கும். ஸ்பூன் வேண்டாம், கை அழுக்காகாது. பணியாரம் வந்த நாளில் வராந்தாவில் பண்டமாற்று வியாபாரமே நடக்கும். என் கணவர் பட்டறையிலும் அதே கதைதான், அவர் பங்கு அவர் கைக்கு வருவதற்குள் பாதி காலி.

சப்பாத்தியை வறட்டி என்று திட்டுவதற்கு முன் வெந்நீரில் பிசைந்து பாருங்கள். அரை மணி ஊறவைத்து, சுட்டதும் நெய் தடவி, துணியில் சுற்றிவைத்து, ஆவி அடங்கியதும் டப்பாவுக்கு மாற்றினால் மதியமும் கிழிக்க வரும். குருமாவைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்தால் அது பையில்தான் கொட்டும். உருளைக்கிழங்கு மசாலாவையோ முட்டைப் பொடிமாஸையோ உள்ளே வைத்துச் சுருட்டிவிடுங்கள். பெரியவர்களுக்குச் சுருட்டும்போது மிளகுத்தூளைக் கூட்டிக்கொள்ளலாம். எலுமிச்சை பிழிந்த சேவையும் நல்ல டப்பாப் பண்டம். பெரிய தோசை மட்டும் வேண்டவே வேண்டாம். தோசை அடுப்படியில் நின்று சாப்பிட வேண்டியது.

தொட்டுக்கொள்ள என்ன? ஈரமில்லாத எதுவும். உருளைக்கிழங்கு, சேனை, வாழைக்காய் வறுவல்கள் தாங்கும். பூசணி, சுரைக்காய், புடலை எல்லாம் தண்ணீர் விடும், ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பீன்ஸ், கேரட் பொடியாக நறுக்கி நன்றாக வதக்கினால் பரவாயில்லை. ஆனால் கலவை சாதமும் உருளைக்கிழங்கும் மட்டுமே என்றால் அது மாவின் மேல் மாவு. மூன்று மணிக்கு வகுப்பில் தூங்கி வழிகிற பிள்ளையும், அலுவலக நாற்காலியில் கண் சொக்குகிற அப்பாவும் அதற்குச் சாட்சி. கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ ஒரு பிடி சுண்டல், அல்லது ஒரு முட்டை கட்டாயம் சேர வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆரம்பித்த சத்துணவுத் திட்டத்தில் இன்று கலவை சாதத்தோடு மசாலா தடவிய முட்டையும் போடுகிறார்கள். எங்கள் பள்ளிச் சத்துணவு அம்மா வெந்த முட்டையைக் கீறி மிளகும் வெங்காயமும் சேர்த்துப் புரட்டும் வாசனை வந்தால் டப்பா கொண்டுவந்த பிள்ளைகளும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். வெறும் அவித்த முட்டையை ஒதுக்குகிற பிள்ளை அதைச் சாப்பிடுவதை நானே பார்க்கிறேன். அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் டப்பாவில் சோறு பாதி, சுண்டல் பாதி. ஒரே சமையல்தான், விகிதம்தான் வேறு. பெரியவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

அளவைப் பற்றித்தான் எனக்கு நிறைய வருத்தம். ஆறு வயதுக் குழந்தையிடம் மூன்று ஆள் சோற்றை அமுக்கி அமுக்கிக் கொடுத்துவிட்டு, "மிச்சம் வச்சா பாத்துக்க" என்று மிரட்டி அனுப்புகிறார்கள். குழந்தை என்ன செய்யும்? குழாயடியில் கொட்டிவிட்டுக் காலி டப்பாவைக் கொண்டுபோகும். வீட்டில் பாராட்டு கிடைக்கும். இதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குழந்தைமேல் கோபம் வருவதில்லை, பாவமாகத்தான் இருக்கிறது. பசிக்குக் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். பத்தவில்லை என்று பிள்ளையே வந்து சொல்லட்டும், மறுநாள் ஒரு கரண்டி கூட்டுங்கள். மிச்சம் வந்தால் திட்டாமல், எது மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். நாளைக்கு என்ன கட்டக் கூடாது என்பதை அந்த மிச்சமே சொல்லிவிடும்.

ஒரு பையன் கேழ்வரகு அடை கொண்டுவருவான். முதலில் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டான். பக்கத்தில் நூடுல்ஸ், பிரெட். "ஒரு துண்டு குடுடா, டீச்சருக்கு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டு அவன் பாட்டி தட்டிய அடை, உண்மையிலேயே பிரமாதம். மறுவாரம் அவனைச் சுற்றி நாலு கை நீண்டது. அந்த அடையை நானும் வீட்டில் தட்ட ஆரம்பித்தேன். பிள்ளை தன் டப்பாவைத் திறக்கக் கூச்சப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூச்சம் இருந்தால் எவ்வளவு ருசியாகச் சமைத்தாலும் இறங்காது.

கடைசியாக டப்பா. மூடியின் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். புளிப்பு வாடை பெரும்பாலும் அதன் அடியில்தான் குடியிருக்கும். புளியோதரை, தயிர் சாதத்துக்கு அலுமினியம் ஆகாது, எவர்சில்வர்தான். காற்றுப் புகாத மூடி என்று விற்பதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். "டீச்சர், தொறக்க வரல" என்று சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் டப்பாவை நீட்டாத நாள் கிடையாது. பெரிய வகுப்பில் உதவிக்கு ஆள் கிடைக்காமல் திறக்காமலே கொண்டுபோகிற பிள்ளைகளும் உண்டு. வாங்கும்போது கடையிலேயே பிள்ளை கையில் கொடுத்து, திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளையால் முடியவில்லை என்றால் அந்த டப்பா வேண்டாம், வேறு பாருங்கள்.